ஷெட்டிகாம்ப்: பெற்றோல் அடித்துவிட்டுப் போகிற ஊரல்ல

கனடாவின் கிழக்கே, நோவா ஸ்கோஷியாவில் உள்ள கேப் பிரட்டன் தீவுக்குப் போய்வந்த நம்மவர்களிடம் கேட்டால், கபோட் ட்ரெயில் என்ற மலைச்சாலையை ஒரே நாளில் சுற்றிவிட்டோம் என்பார்கள். 298 கிலோமீற்றர் வட்டம். காலையில் பட்டெக்கில் தொடங்கி, மலை வளைவுகளில் இறங்கி இறங்கிப் படம் எடுத்து, ஸ்கைலைன் பாதையில் நடந்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். முடியும்தான். ஆனால் அப்படிச் சுற்றுகிறவர்களுக்கு ஷெட்டிகாம்ப் என்பது தேசியப் பூங்காவின் மேற்கு வாசலுக்கு முன்னால் பெற்றோல் அடிக்கவும் கழிப்பறைக்குப் போகவும் வாய்த்த ஓர் ஊர். இதை எழுதுவதே அந்த எண்ணத்தை மாற்றத்தான். மலையைப் பார்க்கப் போகிறவர்கள் போங்கள், நல்ல மலை. ஆனால் ஷெட்டிகாம்பில் குறைந்தது இரண்டு இரவு தங்குங்கள்.

என் கண் எந்தப் பக்கம் சாயும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்காபரோவில் நெடுங்காலமாகத் தையல் வேலை செய்கிறேன். அப்பா யாழ்ப்பாணத்து மயிலிட்டியில் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதியவர். கைவேலைக்கும் மீனுக்கும் விலையை யார் வைக்கிறார்கள் என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்தேன். ஷெட்டிகாம்பின் கதை முழுவதும் எனக்கு அந்த ஒரு கேள்வியாகத்தான் தெரிந்தது.

ஹலிஃபக்ஸிலிருந்து காரில் போனோம். நானும் கணவரும் மாமியும். 1955இல் திறந்த கான்சோ அணைப்பாதையைத் தாண்டித் தீவுக்குள் நுழைந்ததும் வலப்பக்கம் திரும்பாமல், மேற்குக் கரையோடு 19ஆம் இலக்கச் சாலையைப் பிடியுங்கள். மாபூ, இன்வெர்னெஸ் எல்லாம் ஸ்கொட்லாந்துக்காரர் குடியேறிய ஊர்கள். பெயர்ப்பலகைகளில் ஆங்கிலத்துக்குக் கீழே அவர்களுடைய பழைய மொழியான கேலிக்கும் இருக்கும். மார்கரி ஆற்றைக் கடந்து வடக்கே போகப் போக அது மாறுகிறது. கம்பங்களிலும் வாசல்களிலும் நீலம், வெள்ளை, சிவப்பில் ஒரு கொடி. பிரான்சின் கொடிதான், ஆனால் நீலப் பட்டையில் ஒரு மஞ்சள் நட்சத்திரம். கடலோடிகளைக் காக்கும் மாதாவின் நட்சத்திரம் அது. 1884இல் பிரின்ஸ் எட்வேர்ட் தீவில் மிஸ்கூஷ் என்ற ஊரில் கூடி, இந்தப் பக்கத்துப் பிரெஞ்சுமொழிக்காரரான அக்கேடியர்கள் தங்களுக்கென்று தேர்ந்த கொடி. சில வீடுகளில் கொடியின் நிறங்களைச் சுவரிலேயே பூசி, மேலே நட்சத்திரத்தையும் பதித்திருக்கிறார்கள்.

ஊர் கடலோடு நீண்டு கிடக்கிறது. ஒரே ஒரு பிரதான சாலை. ஒரு பக்கம் துறைமுகம், எதிரே ஷெட்டிகாம்ப் தீவு, மறுபக்கம் மரமில்லாத புல்வெளிகள், அதற்குப் பின்னால் சட்டென்று எழும் மலை. தீவு என்று பெயரே தவிர, மணல் திட்டு வழியாகக் காரிலேயே போகலாம். துறைமுகத்தை ஒட்டி மரப்பலகை நடைபாதை போட்டிருக்கிறார்கள். மாமிக்கு முழங்கால் நோ. அந்தப் பாதையில் மட்டும் நிற்காமல் நடந்தார்.

நேராக லே ட்ருவா பினியோனுக்குப் போங்கள். ஊரின் வடக்கு ஓரத்தில் மூன்று கூம்பு முகடுகள் வைத்த கட்டடம். கொக்கியால் இழுத்துச் செய்யும் கம்பளங்களுக்கான அருங்காட்சியகமும், எலிசபெத் லெஃபோர்ட்டின் படைப்புகளுக்கான கூடமும் அங்கேதான் இருக்கின்றன. ஊருக்குப் புதிதாக வருகிறவர்களுக்கான தகவல் மேசையும் அதே இடத்தில். மார்கரிட் காலான் என்ற உள்ளூர்ப் பெண்மணி சேர்த்து வைத்த பழைய வீட்டுச் சாமான்களும் இருக்கின்றன. ஆனால் என்னைக் கட்டிப்போட்டவை கம்பளங்கள்தான்.

வேலை எப்படி என்றால்: சாக்குத் துணியை மரச் சட்டத்தில் இறுக்கமாக இழுத்துக் கட்டுவார்கள். அதன்மேல் படத்தின் கோடுகள் வரைந்திருக்கும். இடக்கை சட்டத்துக்குக் கீழே கம்பளி நூலைப் பிடித்திருக்கும். வலக்கையில் ஆணி போன்ற சிறிய கொக்கி. சாக்கின் கண்ணுக்குள் கொக்கியை விட்டு நூலைச் சின்ன வளையமாக மேலே இழுக்க வேண்டும். அடுத்த கண், அடுத்த வளையம். வளையத்தை வெட்டுவதில்லை. முடிச்சும் கிடையாது. எல்லா வளையமும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும், ஒன்றை ஒன்று நெருக்க வேண்டும், ஆனால் அளவுக்கு மீறி நெருக்கினால் துணி புடைத்துக்கொள்ளும். தையல் இயந்திரத்தில் இழுவிசையை ஒரு திருகு பார்த்துக்கொள்கிறது. இங்கே அதைப் பார்ப்பது விரல் மட்டும்தான். கோடையில் யாராவது ஒருவர் உட்கார்ந்து செய்து காட்டுவார். நான் பார்த்த பெண்மணி பேசிக்கொண்டே இழுத்தார். கண் வேலையில் இல்லை, ஆனாலும் ஒரு வளையம்கூடத் தவறவில்லை.

எலிசபெத் லெஃபோர்ட் 1914இல் ஷெட்டிகாம்புக்கு அருகிலேயே பிறந்தவர். 2005இல் மறைந்தார். பூவும் சுருளும் போட்ட தரைவிரிப்புகளைச் செய்துவந்த ஊரில், அதே கொக்கியையும் சாக்கையும் வைத்துக்கொண்டு மனித முகங்களைச் செய்தவர் இவர். கம்பளிக்குத் தானே சாயம் போட்டு வேண்டிய நிறத்தை எடுத்திருக்கிறார். கூடத்தில் அமெரிக்க ஜனாதிபதிகளின் முகங்கள் இருக்கின்றன. பைபிள் காட்சிகள் இருக்கின்றன. அவருடைய வேலைகள் வெள்ளை மாளிகைக்கும் வத்திக்கானுக்கும் பக்கிங்ஹாம் அரண்மனைக்கும் போயிருக்கின்றன. 1975இல் மொங்டன் பல்கலைக்கழகம் கௌரவ முனைவர் பட்டம் கொடுத்தது. 1987இல் ஓடர் ஒஃப் கனடா விருதும் வந்தது.

தூர நின்று பார்த்தால் எண்ணெய் ஓவியம் என்றுதான் நினைப்பீர்கள். தயவுசெய்து கிட்டப் போய்ப் பாருங்கள். கன்னத்தில் வெளிச்சம் விழும் இடத்திலிருந்து தாடையின் நிழல்வரை நிறம் மாறுவதே கண்ணுக்குப் பிடிபடாது. ஒரு நிறம் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று விரலை வைத்துக் காட்ட முடியாது. கண்ணிமைக்குக் கீழே உள்ள மடிப்புக்கு ஒரே ஒரு வரிசை வளையம். அதை ஒரு வரிசை தள்ளிப் போட்டிருந்தால் ஆளே வேறாகியிருப்பார். கைவேலையைப் பற்றித் தெரிந்த யாரும் அந்தக் கூடத்தில் அரை மணி நேரத்தில் வெளியே வரமாட்டார்கள். கணவரும் மாமியும் வெளியே போய்க் காத்திருந்துவிட்டு மறுபடி உள்ளே வந்தார்கள்.

இந்தக் கம்பளங்களுக்குப் பின்னால் உள்ள கதையைத் தெரிந்துகொண்டு பார்ப்பது நல்லது. முதலில் இது வீட்டுத் தேவைக்கான வேலை. பழைய துணியைக் கீற்றாகக் கிழித்து, வெறுமையான சாக்கில் இழுத்து, குளிர்காலத்தில் தரையில் போடுவார்கள். ஊர் ஊராக வரும் வியாபாரிகள் அவற்றை வாங்கிக்கொண்டு பதிலுக்குத் துணிமணியோ வீட்டுச் சாமானோ கொடுத்துவிட்டுப் போவார்கள். 1920களின் பிற்பகுதியில் லில்லியன் பர்க் என்ற அமெரிக்க ஓவியர் வந்தார். தொலைபேசியைக் கண்டுபிடித்த கிரஹாம் பெல்லின் குடும்பத்தோடு பட்டெக்குக்கு வந்துபோனவர் அவர். பழந்துணிக்குப் பதில் நல்ல கம்பளி நூல், அடிக்கிற நிறங்களுக்குப் பதில் அடங்கிய நிறங்கள், நியூயோர்க் வரவேற்பறைகளுக்குப் பொருத்தமான வடிவங்கள் என்று எல்லாவற்றையும் மாற்றினார். விற்பனையும் அவர் கையில். ஒரே விரிப்பில் பல பெண்கள் சேர்ந்து உட்கார்ந்து வேலை செய்யும் அளவுக்குப் பெரிய வேலைகள் வந்தன. மீன் விலை விழுந்த பொருளாதார மந்த காலத்தில் இந்தக் காசில்தான் பல வீடுகளில் அடுப்பு எரிந்தது.

ஆனால் இழுத்த பெண்ணுக்குக் கிடைத்தது சதுர அடிக்கு இவ்வளவு என்ற கூலி. நியூயோர்க்கில் அது என்ன விலைக்குப் போகிறது என்பது வேறு கணக்கு. 1930களின் நடுவில் சில பெண்கள் தாங்களே நேரடியாக விற்கத் தொடங்கினார்கள். 1960களில் கைவினைக் கூட்டுறவுச் சங்கமும் வந்தது. லில்லியன் பர்க்கைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவருடைய கண் இல்லாவிட்டால் இந்த ஊர்க் கம்பளத்துக்கு இன்றைய பெயர் வந்திருக்காது. ஆனால் கைவேலைக்கு விலை வைக்கிறவர் கைவேலை செய்கிறவராக இருக்க வேண்டும் என்று அந்தப் பெண்கள் முடிவெடுத்த நாள்தான் எனக்குப் பெரிய நாள். ஸ்காபரோவில் ஒரு சட்டைக்கு இவ்வளவு சதம் என்று கூலி வாங்கித் தைத்த எந்தப் பெண்ணுக்கும் அது புரியும்.

ஆண்களின் கதை இதற்கும் முந்தியது. 1604, 1605இலிருந்து வந்து இறங்கத் தொடங்கிய பிரெஞ்சுக் குடியேறிகளின் வழிவந்தவர்கள் அக்கேடியர்கள். ஃபண்டி விரிகுடாவின் சதுப்பு நிலங்களில் அணை கட்டிக் கடல்நீரைத் தடுத்து விவசாயம் செய்தார்கள். 1713இல் அந்த நிலம் பிரிட்டிஷாரிடம் போனது. நிபந்தனையில்லாத விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்தார்கள் என்று 1755இல் துணை ஆளுநர் லோரன்ஸின் ஆணையில் அவர்களைக் கப்பலேற்றத் தொடங்கினார்கள். வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். 1758இல் பிரெஞ்சுக்காரரின் லூயிஸ்பேர்க் கோட்டை விழுந்ததும் அடுத்த சுற்று. 1763 வரை பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அகற்றினார்கள். கப்பல்களில் மூழ்கியும் நோயிலும் செத்தவர்கள் பலர். 1764இல் திரும்பி வரலாம் என்று அனுமதி கிடைத்தபோது, பழைய நிலங்களில் வேறு ஆட்கள் இருந்தார்கள். சிறு சிறு கூட்டமாக, ஒதுக்குப்புறமாகத்தான் குடியேறலாம் என்றார்கள். அப்படி யாருக்கும் வேண்டாத கரைகளில் ஒன்றுதான் ஷெட்டிகாம்ப். 1780களில் குடும்பங்கள் நிலைகொண்டன. 1790இல் பதினான்கு பேருக்கு நில உரிமை எழுதிக் கொடுத்தார்கள். ஊரில் இன்றும் அவர்களைப் பதினான்கு மூத்தவர்கள் என்றுதான் சொல்கிறார்கள். ஓக்குவான், ஷியாசோன், புட்ரோ, டெவோ என்று அதே குடும்பப் பெயர்கள் இன்றும் தபால் பெட்டிகளில் இருக்கின்றன.

அவர்களுக்கு முன்பே இந்தக் கரைக்கு வந்துவிட்டது ஜேர்சி தீவைச் சேர்ந்த சார்ல்ஸ் ரோபின் கம்பனி. எதிரே உள்ள தீவின் முனையில் அவர்களின் மீன் காயவைக்கும் இடமும் பண்டகசாலையும். உப்பும் தூண்டிலும் மாவும் துணியும் கடனுக்குக் கொடுப்பார்கள். பிடித்த கொட் மீனை வெட்டி, உப்பிட்டு, காயவைத்துக் கம்பனிக்கே கொடுக்க வேண்டும். மீனின் விலையையும் கம்பனி வைக்கும், மாவின் விலையையும் கம்பனி வைக்கும். வருட முடிவில் காசு கைக்கு வராது. கடன் புத்தகத்தில் ஒரு வரிதான் வரும். எங்கள் கரையில் சம்மாட்டியிடம் முற்பணம் வாங்கி, வள்ளம் கட்டி, பிறகு பிடித்த மீனையெல்லாம் அவர் சொன்ன விலைக்கே கொடுத்துக்கொண்டிருந்தவர்களின் கதை அச்சாக இதுதான். அப்பா சங்கத்துக் கணக்கை அவ்வளவு பிடிவாதமாக எழுதியது எதற்கு என்று அந்தத் தீவு முனையில் நின்றபோது நன்றாகவே விளங்கியது. 1920, 30களில் அன்டிகோனிஷிலிருந்து மோசஸ் கோடி என்ற பாதிரியார் கூட்டுறவு, கடன் சங்கம் என்று ஊர் ஊராகப் பேசிக்கொண்டு வந்தார். அந்த விதை ஷெட்டிகாம்பில் நன்றாகவே முளைத்தது. இன்றைக்கும் இந்த ஊரில் கூட்டுறவு என்ற சொல்லைப் பல வாசல்களில் பார்க்கலாம். உள்ளூர் பிரெஞ்சு வானொலியான சிகேஜேஎம்கூடக் கூட்டுறவுதான். 106.1இல் பிடியுங்கள். பிடில் இசையும் மீன்பிடிச் செய்தியும் மரண அறிவித்தலும் கலந்து வரும்.

செயின்ட் பியர் தேவாலயத்தைத் தேட வேண்டியதில்லை. அதன் வெள்ளிநிறக் கோபுரம் கடலிலிருந்தே தெரியும். 1893இல் ஃபிஸே பாதிரியார் காலத்தில் கட்டியது. கல் முழுவதும் எதிரே உள்ள தீவில் வெட்டியது. குளிர்காலத்தில் துறைமுகம் உறைந்ததும் குதிரைகளைக் கட்டிப் பனிக்கட்டிமேல் இழுத்து வந்தார்கள். வெளியே கனத்த கற்சுவர். கதவைத் திறந்தால் உள்ளே வெள்ளையும் பொன்னிறமும், வளைவுகளும் சிற்ப வேலைகளும். மீன்பிடி ஊரில் இவ்வளவு பெரிய கோவிலா என்று கணவர் கேட்டார். மயிலிட்டிக் கரையில் வளர்ந்த எனக்கு அது கேள்வியாகவே தோன்றவில்லை. கடலுக்குப் போகிறவர்களின் ஊரில் கோவில் பெரிதாகத்தான் இருக்கும். மாமி திருநீற்றோடு முன்வரிசையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பூசை நேரத்தைத் தவிர்த்துப் போனால் ஆறுதலாகப் பார்க்கலாம்.

இனிச் சாப்பாடு. மீன், இறைச்சி சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. கைவினைக் கூட்டுறவுக் கடையோடு சேர்ந்த உணவகத்தில் சாப்பிட்டோம். ஃப்ரிக்கோ என்பது கோழியும் உருளைக்கிழங்கும் போட்ட தண்ணீரான குழம்பு. சேவரி என்ற வாசனைத் தழைதான் அதற்கு உயிர். மிளகாய் இல்லாத சாப்பாட்டில் இவ்வளவு மணம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. உப்பிட்ட கொட் மீனையும் உருளைக்கிழங்கையும் பிசைந்து பொரித்த மீன் கட்லட் நம் வாய்க்கு நேரடியாகப் பிடிக்கும். மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுடும் ‘பை’ கொஞ்சம் கனம், இருவருக்கு ஒன்று போதும். வெங்காயத்தாளை உப்பில் போட்டுப் போத்தலில் வைத்துக் குளிர்காலம் முழுவதும் சமையலுக்கு எடுப்பார்களாம். அந்த வழக்கம் இந்த ஊர்ச் சமையல் ருசியில் நன்றாகத் தெரிகிறது. மே, ஜூனில் போனால் இறாலுக்குத் தூரத்து உறவான லொப்ஸ்டர் வந்து இறங்கும் காலம். பனிநண்டும் இந்தக் கரையின் பெரிய வருமானம். கொட் மீன் குறைந்து 1993இல் தெற்கு வளைகுடாவில் அதைப் பிடிப்பதை நிறுத்திய பிறகு, துறைமுகத்தைத் தாங்கி நிற்பவை இந்த இரண்டும்தான்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் நன்றாகக் கேட்டுச் சாப்பிட வேண்டும். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம் வீடுகளில் ஒருவராவது சைவம் இருப்பார். சூப் என்றால் கோழி அல்லது மீன் அவித்த தண்ணீர் இருக்கும். அவித்த போஞ்சி விதை சைவம்போலத் தெரியும், ஆனால் வழக்கமாக உப்புப் பன்றித் துண்டு போட்டுத்தான் வேகவைப்பார்கள். ‘பை’யின் மாவில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம். நாங்கள் போன ஒரு சாப்பாட்டுக் கடையில் இறைச்சி இல்லை என்று சொல்லித் தந்த தட்டில் பன்றித் துண்டு இருந்தது. மாமி சத்தம் போடாமல் தட்டைத் தள்ளிவைத்துவிட்டார். எனக்குத்தான் மனம் ஆறவில்லை. இறைச்சியா என்று கேட்பதோடு நிறுத்தாமல், எந்த எண்ணெய், எந்தக் கொழுப்பு, எதில் அவித்தது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பக்கத்தில் பெத்தி எத்தாங் என்ற ஊரில் ஓக்குவான் பேக்கரி இருக்கிறது. அங்கே வாங்கிய பாணும் வெண்ணெயும், அதோடு மொலாசஸ் பாகும் மாமிக்குக் காலைச் சாப்பாடாகின. பாணை மொலாசஸில் தோய்த்துச் சாப்பிடுவது அக்கேடியர் வீட்டு வழக்கமும்தான். அறையில் சின்னச் சமையலறை உள்ள இடமாகப் பார்த்து எடுத்தால் சோறும் பருப்பும் வைத்துக்கொள்ளலாம். நாங்கள் குக்கரும் கறித்தூளும் கொண்டுபோனோம்.

தங்கிய இடத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சுத்தமாக இருந்தது, கடல் தெரிந்தது. ஆனால் ஒரு யன்னல் சரியாகப் பொருந்தவில்லை. சொல்லியும் யாரும் வந்து பார்க்கவில்லை. மற்ற ஊரில் இது சிறிய குறை. ஷெட்டிகாம்பில் சிறிய குறை அல்ல, ஏனென்றால் இங்கே காற்று வேறு. தென்கிழக்கிலிருந்து வரும் காற்று தீவின் மேட்டுநிலத்தை ஏறிக் கடந்து, மேற்குச் சரிவில் வேகமெடுத்து ஊர்மேல் இறங்குகிறது. சுவெத் என்கிறார்கள். மணிக்கு 200 கிலோமீற்றரைத் தாண்டியதும் உண்டு. வானிலைத் திணைக்களம் இந்தக் காற்றுக்கென்றே தனிப் பெயரில் எச்சரிக்கை கொடுக்கிறது. நாங்கள் பார்த்தது அதில் ஒரு சின்னப் பங்குதான். அதற்கே இரவு முழுவதும் யன்னல் அழுதது. அறை எடுக்கும்போது கதவு, யன்னல் எல்லாம் இறுக்கமாகச் சாத்துகிறதா என்று பார்த்துவிடுங்கள். அடுத்த நாள் திமிங்கிலம் பார்க்கும் படகும் போகவில்லை. பணத்தைத் திருப்பித் தந்தார்கள், அது நியாயம். திமிங்கிலத்துக்காகவே போகிறவர்கள் கடைசி நாளுக்கு அதை வைக்காதீர்கள்.

பூங்காவைப் பற்றிச் சுருக்கமாக. ஸ்கைலைன் பாதைக்குப் புகழ் வந்தது நியாயம்தான். மலையின் நுனியில் மரப்படிகள், கீழே கடல், பக்கத்தில் வளைந்து போகும் சாலை. பாதையில் ஓர் உயரமான வேலிக்குள் நடக்க வேண்டியிருக்கும். மூஸ் மான்கள் இளம் மரக்கன்றுகளைத் தின்று காடே வளராமல் போனதால் அவற்றைத் தடுக்கக் கட்டியது. 1940களின் கடைசியில் அல்பேர்ட்டாவிலிருந்து கொண்டுவந்து விட்ட 18 மான்களிலிருந்து பெருகியவை அவை. சூரியன் சாயும் நேரத்தில் கூட்டம் அதிகம். காலையில் போங்கள்.

ஆனால் எல்லாரும் ஸ்கைலைனுக்கு ஓடும் வழியில் விட்டுவிடும் ஒரு சிறிய பாதை இருக்கிறது. லு புத்தெரோ என்று பலகை போட்டிருக்கும். ஷெட்டிகாம்ப் வாசலைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான். மாமிகூடப் பாதிவரை வந்தார். மரங்களுக்கிடையே கல் அடுக்கிய அத்திவாரங்கள். கப் ரூஜ் என்ற அக்கேடிய ஊர் இங்கே இருந்தது. 1936இல் தேசியப் பூங்கா உருவானபோது அந்தக் குடும்பங்களின் நிலத்தை அரசாங்கம் எடுத்தது. இழப்பீடு கொடுத்துத்தான் எடுத்தார்கள். ஆனாலும் போகமாட்டோம் என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு இருக்கவில்லை. கீழே லா ப்ளொக் என்ற கடற்கரை. அந்த ஊர்க்காரர் வள்ளம் இறக்கிய இடம். இப்போது உல்லாசப் பயணிகள் மேசை போட்டுச் சாப்பிடுகிறார்கள்.

அந்தக் கரையில் நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. 1990இல் மயிலிட்டியை விட்டு வந்தோம். துறைமுகம் 2017இல்தான் மக்களிடம் திரும்பியது. அப்பா அதைப் பார்க்க உயிரோடு இல்லை. கப் ரூஜ் குடும்பங்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை. அகற்றிய கப்பல்களிலிருந்து தப்பி, யாருக்கும் வேண்டாத கரையைத் தேடி வந்து வீடு கட்டியவர்களின் பிள்ளைகளை, கரை அழகாக இருக்கிறது என்பதற்காக இன்னொரு முறை எழுப்பினார்கள். ஸ்கைலைனில் படம் எடுக்கிற ஒவ்வொருவரும் இந்தப் பாதையிலும் ஒருமுறை நடக்க வேண்டும் என்று நான் உண்மையாகவே விரும்புகிறேன். பாதை சிறியது, ஏற்றமும் அதிகமில்லை.

சிறுபிள்ளைகளோடு போனால் கிராண்ட் எத்தாங்கில் உள்ள மிக்கரேம் நிலையத்தை விடாதீர்கள். 2009இல் திறந்தது. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தின் நடுவில், ஊரார் முகமூடியும் வேடமும் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போவார்கள். குரலை மாற்றிப் பேசுவார்கள், நடையை மாற்றுவார்கள். வீட்டுக்காரர் யார் என்று கண்டுபிடித்தால் முகமூடியைக் கழற்ற வேண்டும். எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்த ஊரில் இது எவ்வளவு கடினம் என்று நினைத்துப் பாருங்கள். ஆண்கள் பெண்களாகவும், மெலிந்தவர் பருத்தவராகவும் போவார்கள். அங்கே இருக்கும் முகமூடிகள் ஊரார் கையால் செய்தவை. முகமூடி செய்யவும் சொல்லித் தருகிறார்கள். மாமிதான் அங்கே அதிகம் சிரித்தார்.

சனிக்கிழமை பிற்பகல் ஊரில் இருந்தால் டோரிமனில் பிடில் கேட்கலாம். ஸ்கொட்லாந்து மெட்டும் அக்கேடியக் கால்தாளமும் ஒன்றாகக் கலந்துவிட்ட வாசிப்பு. இது மதுக்கடை. ஆனால் நாங்கள் போன பிற்பகலில் குடும்பமாக உட்கார்ந்திருந்தவர்களும் இருந்தார்கள். எங்களுக்கு அருகில் பாட்டியும் பேத்தியும் பிரெஞ்சில் பேசிக்கொண்டிருந்தார்கள். பேத்திக்குப் பத்து வயது இருக்கும். ஆங்கிலத்துக்கு மாறாமல் நீண்ட கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பிரெஞ்சுப் பள்ளிக்கூடம், பிரெஞ்சு வானொலி, பிரெஞ்சில் பூசை என்று இவர்கள் எல்லாவற்றையும் தங்கள் கையிலேயே வைத்திருப்பதன் பலன் அந்த மேசையில் இருந்தது. கணவர் என்னைப் பார்த்தார். எங்கள் பேரப்பிள்ளைகளை இருவரும் நினைத்தோம்.

கம்பளம் வாங்குவதைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். கூட்டுறவுக் கடையிலும், தெற்கே பொயின்ட் குரொஸில் உள்ள ஃப்ளோராஸ் கடையிலும் நல்ல தெரிவு இருக்கிறது. கிளாஸ் வைக்கிற சின்ன வட்டங்களிலிருந்து சுவரில் மாட்டும் பெரிய படங்கள்வரை. விலை அதிகமாகத் தெரியும். ஆனால் ஒரு சாண் சதுரத்தில் எத்தனை வளையம் என்று நீங்களே எண்ணிப் பார்த்தால், மணிக்கு எவ்வளவு விழுகிறது என்று கணக்குப் போட்டால், அது அதிகமில்லை என்று தெரியும். தயவுசெய்து பேரம் பேசாதீர்கள். பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். கையால் இழுத்ததென்றால் சாக்கின் கண்கள் தெரியும், நூல் வரிசை வரிசையாக ஓடும், சில இடத்தில் ஒரு மயிரிழை தள்ளியும் நிற்கும். பின்னால் பசை பூசி வேறு துணி ஒட்டியிருந்தால் ஒன்றுக்கு இரண்டு முறை யோசியுங்கள். இழுத்தவர் யார் என்று கேளுங்கள். நல்ல கடையில் பெயர் சொல்வார்கள், ஊரில் எந்தப் பக்கம் வீடு என்றும் சொல்வார்கள். நான் இரண்டு வள்ளமும் ஒரு வெளிச்சவீடும் போட்ட சிறிய ஒன்றை வாங்கினேன். கடலுக்கு மட்டும் ஐந்து நீலம் இருக்கிறது.

பெரும்பாலான இடங்கள் மே நடுப்பகுதியில் திறந்து ஒக்டோபர் நடுப்பகுதியில் மூடிவிடும். இலை நிறம் மாறும் காலம் என்றால் ஒக்டோபர் முதல் பாதி. ஓகஸ்ட் 15 அக்கேடியர்களின் தேசிய நாள். சட்டி பானைகளைத் தட்டிக்கொண்டு தெருவில் இறங்கும் வழக்கம் உண்டு. அதை ஒட்டிப் போக நினைக்கிறவர்கள் அறையை வசந்தத்திலேயே பதிவு செய்துவிடுங்கள். பெற்றோலைப் பூங்காவுக்குள் நுழைவதற்கு முன் இங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள், அடுத்த பம்ப் தூரத்தில்.